‘சீக்கிரம் குணமாகட்டும்’ என்று ஏன் பதில் வந்தது?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசர், அதாவது வாங்குகிறவர்களோடு பேசி ஆர்டர்களைக் கவனிப்பவர். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

“ஐயா, இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் பையிங் ஏஜென்டுக்கு ஒரு மெயில் போட்டேன். அடுத்த கோடைக்கு எங்களிடம் டிசைன்களின் ‘ப்ளெதோரா’ இருக்கிறது என்று எழுதினேன். ‘நிறைய’ என்பதற்குக் கொஞ்சம் கெத்தான சொல் என்று நினைத்துப் போட்டதுதான். அவரோ, ‘கேட்கவே வருத்தமாக இருக்கிறது, சீக்கிரம் குணமாகட்டும்’ என்று பதில் எழுதி, சிரிக்கும் முகம் ஒன்றையும் போட்டிருந்தார். எனக்கும் புரியவில்லை, முதலாளிக்கும் புரியவில்லை. ‘என்னம்மா எழுதித் தொலைச்சே?’ என்றார். அதே வாரம் என் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. கேஸ் ஷீட்டில் ‘ப்ளெதோரிக்’ என்று எழுதியிருந்தார்கள். செல்போன் அகராதி ‘மிகுதியான’ என்கிறது. மிகுதியான குழந்தை என்றால் என்ன? நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? எங்கிருந்து வந்தது? நான் இதை எழுதலாமா? எழுதினால் பின்னால் ‘இஸ்’ போடுவதா, ‘ஆர்’ போடுவதா?”

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் பிள்ளை. மெயில் காத்திருக்கும்.

நான் மருத்துவன் அல்ல. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறவன். மருத்துவக் கோப்புகளையும் மொழிபெயர்த்திருக்கிறேன் என்ற அளவில்தான் இதைச் சொல்கிறேன். பிறந்த குழந்தையின் கேஸ் ஷீட்டில் அந்தச் சொல் இருந்தால், பிள்ளை செக்கச்செவேல் என்று, கருஞ்சிவப்பாகத் தெரிந்தான் என்று பொருள். ரத்தத்தில் சிவப்பணுக்கள் அதிகமாக இருக்கும் குழந்தைகளின் தோல் அப்படித் தெரியும். அதற்குப் பாலிசைதீமியா என்று பெயர். உறுதிப்படுத்த, நரம்பில் எடுத்த ரத்தத்தில் பி.சி.வி. பார்ப்பார்கள், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்று. அது 65 சதவீதத்தைத் தாண்டினால்தான் அந்தப் பெயர் சூட்டுவார்கள். குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் அளவு கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். அக்காவிடம் லேப் ரிப்போர்ட் இருந்தால் அந்த எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை தடுப்பூசிக்குப் போகும்போது குழந்தை மருத்துவரிடம் அதைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இதற்கிடையில் பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் துவண்டாலோ தடுப்பூசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். மற்றபடி ‘மிகுதியான குழந்தை’ என்று யாரும் எழுதவில்லை.

அந்த அகராதியை நம்பி நானும் ஒருமுறை வழுக்கியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிது. ஒரு நோயாளியின் மருத்துவ அறிக்கையைத் தமிழாக்கும் வேலை. குஷிங் நோய்க்குறி உள்ளவர்களுக்கு முகம் உருண்டு சிவந்துவிடும். அந்தச் சிவப்பைக் குறிக்க மருத்துவர் ‘ஃபேஷியல் ப்ளெதோரா’ என்று எழுதியிருந்தார். நான் ‘முகத்தில் மிகுதி’ என்று எழுதிக் கொடுத்தேன். சரிபார்த்த மருத்துவர் போனில் கூப்பிட்டு, “முகம் மிகுதியா இருக்குன்னா எத்தனை முகம் சார், ஆறா?” என்று கேட்டார். அன்றைக்குத்தான் இந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தோண்டிப் பார்த்தேன். தோண்டினால் அடியில் ரத்தம் இருந்தது.

‘ப்ளெதோரா’ கிரேக்கச் சொல். ‘நிறைவு’, ‘நிரம்பியிருத்தல்’ என்று பொருள். நிரம்புவதைக் குறிக்கும் ‘ப்ளேதைன்’ என்ற வினையிலிருந்து வந்தது. அதன் மூல வேர் இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் எங்கும் பரவிக் கிடக்கிறது. ஆங்கிலத்தின் ‘ஃபுல்’ அதிலிருந்து வந்தது. லத்தீன் வழியே ‘ப்ளஸ்’, ‘ப்ளென்ட்டி’, ‘கம்ப்ளீட்’ வந்தன. சமஸ்கிருதத்தில் அதே வேர் ‘பூர்ண’ என்று நிற்கிறது. அங்கிருந்துதான் நமக்குப் பூரணம், பரிபூரணம், பௌர்ணமி எல்லாம். பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டைக்குள் வைக்கிறோமே பூரணம், அதுவும் உங்கள் மெயிலில் இருந்த ‘ப்ளெதோரா’வும் ஒரே வேரின் பிள்ளைகள். கிரேக்கப் பிள்ளை மருத்துவரிடம் போனது, நம்முடையது வெல்லத்திலும் தேங்காயிலும் விழுந்தது. நல்ல பக்கம் நமக்குத்தான் வந்திருக்கிறது.

கிரேக்க மருத்துவர்கள் அந்தச் சொல்லைக் கையில் எடுத்தபோது ‘நிறைவு’ நோயாகிவிட்டது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எரசிஸ்டிரடஸ் என்றொரு மருத்துவர். நரம்புகளில்தான் ரத்தம் ஓடுகிறது, தமனிகளில் ஓடுவது காற்று என்பது அவர் எண்ணம். செத்த உடலை அறுத்தால் தமனிகள் பெரும்பாலும் காலியாக இருக்கும், அதனால் அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. மிதமிஞ்சித் தின்றால் ரத்தம் நரம்பில் கொள்ளாமல் வழிந்து, காற்று ஓட வேண்டிய தமனிக்குள் புகுந்துவிடும், காய்ச்சலும் வீக்கமும் அதனால்தான் என்றார். அந்த வழிதலுக்குக் காரணமான மிகுதிதான் ப்ளெதோரா. மருந்து? பட்டினி. ரத்தத்தைக் கீறி எடுப்பதில் அவருக்கு அவ்வளவு ஆர்வமில்லை.

ஆர்வம் இருந்தவர் கேலன் என்ற இன்னொரு கிரேக்க மருத்துவர். கி.பி. 2ஆம் நூற்றாண்டு, பெர்கமம் ஊர்க்காரர், ரோமில் பேர் வாங்கியவர். எரசிஸ்டிரடஸ் இறந்து ஏறக்குறைய 400 ஆண்டுகள் கழித்தும் அவரைத் திட்டித் தனியாக நூல் எழுதுகிற அளவுக்குக் கோபக்காரர். தமனியிலும் ரத்தம்தான் ஓடுகிறது என்று காட்டியவரும் இவரே. ஆனால் ரத்தம் சுற்றி வருகிறது என்பது இவருக்கும் தெரியாது. கல்லீரல் சாப்பாட்டிலிருந்து தினம் தினம் புது ரத்தம் காய்ச்சுகிறது, உடம்பின் சதை அதை உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது என்பதுதான் அன்றைய கணக்கு. உங்கள் கம்பெனி குடோனை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னல் மெஷினிலிருந்து துணி வந்துகொண்டே இருக்கிறது, ஷிப்மென்ட் போகவில்லை. நன்றாகத் தின்று, உடம்பை வளைக்காமல் உட்கார்ந்திருப்பவருக்குள் ரத்தமும் அப்படித் தேங்கும் என்று நம்பினார்கள். வரத்து இருக்கிறது, செலவு இல்லை. அந்தத் தேக்கத்துக்குப் பெயர் ப்ளெதோரா. கணக்கு தவறு, ஆனால் அந்தக் கணக்குக்குள் நின்று பார்த்தால் நரம்பைக் கீறிக் கொஞ்சம் வெளியே விடுவது நியாயமான யோசனைதான்.

கேலன் இதிலே ஒரு நுணுக்கம் செய்தார். உங்கள் மெயிலுக்கான விடை அதில்தான் இருக்கிறது. ப்ளெதோரா இரண்டு வகை என்றார். குழாய் கொள்ளாத அளவுக்கு ரத்தம் நிரம்பிப் புடைப்பது ஒன்று. குழாயில் இடம் இருக்கிறது, ஆனால் இருப்பதைச் சுமந்து சமாளிக்க அந்த உடம்புக்கு வலுவில்லை என்பது இன்னொன்று. பின்னாளில் லத்தீனில் எழுதியவர்கள் முதலாவதை ‘ஆட் வாசா’ என்றார்கள், பாத்திரத்தை வைத்துப் பார்க்கும் மிகுதி. இரண்டாவதை ‘ஆட் வீரெஸ்’ என்றார்கள், வலுவை வைத்துப் பார்க்கும் மிகுதி. ஒரே அளவு ரத்தம் பயில்வானுக்குச் சரியாக இருக்கும், நோஞ்சானுக்கு நோயாகும். இவ்வளவு இருந்தால் அதிகம் என்று பொதுவாக ஒரு கோடு போட முடியாது. யார் சுமக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

குறளில் 947ஆம் பாட்டு இதே இடத்தைத்தான் தொடுகிறது. ‘தீயள வன்றித் தெரியான் பெரிதுண்ணின் நோயள வின்றிப் படும்.’ இத்தனை கவளத்துக்கு மேல் தின்னாதே என்று வள்ளுவர் எண்ணிக்கை சொல்லவில்லை. அளவுகோல் அவரவர் வயிற்றுத் தீ. கேலனும் வள்ளுவரும் ஒருவரையொருவர் படித்திருக்க வேண்டியதில்லை, பந்தியில் உட்கார்ந்த யாருக்கும் தெரிகிற விஷயம்தானே இது.

ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் மருத்துவர்களோடு வந்தது. வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய மருத்துவர், ரத்தம் உடம்புக்குள் சுற்றி வருகிறது என்று 1628இல் நூல் எழுதிக் காட்டினார். கல்லீரல் கணக்கு அதோடு பொய்த்தது. ரத்தம் விடுவது நின்றதா? இல்லை. அதற்குப் பிறகும் 200 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது. அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை வீங்கி மூச்சுவிடத் திணறியபோது, மருத்துவர் வந்து சேருவதற்கு முன்பே பண்ணை மேற்பார்வையாளரை அழைத்து ரத்தம் எடுக்கச் சொன்னார். வந்த மருத்துவர்களும் மாற்றி மாற்றி எடுத்தார்கள். ஒரே நாளில் 2 லிட்டருக்கு மேல் போனது. 1799 டிசம்பர் 14 இரவு இறந்துபோனார். பிரான்சிலோ ரத்தம் உறிஞ்ச அட்டைப்பூச்சி விட்டார்கள். 1833ஆம் ஆண்டில் மட்டும் 4 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளை அந்த நாடு இறக்குமதி செய்தது. அட்டைக்கும் ஒரு இம்போர்ட் டிபார்ட்மென்ட், அதற்கும் உங்களைப் போல யாரோ உட்கார்ந்து கடிதம் எழுதியிருப்பார்கள்.

சாமுவேல் ஜான்சனின் புகழ்பெற்ற ஆங்கில அகராதி 1755இல் வெளிவந்தபோதும் அவர் இந்தச் சொல்லை நோயாகத்தான் விளக்கினார். குழாய்களில் உடல்நீர்மங்கள் ஆரோக்கியத்துக்குத் தேவையானதைவிட அதிகமாக நிரம்பியிருக்கும் நிலை. குடல் செரிக்கக்கூடியதைவிட அதிகம் தின்பதாலும் வரும். கழிவுகளை வெளியேற்றுவதும் உடற்பயிற்சியும் மருந்து. ஓர் அகராதி உடற்பயிற்சி செய்யச் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

நோயாக வந்த சொல் மற்ற பொருள்களுக்கும் தாவத் தொடங்கியது 1700ஐ ஒட்டித்தான். 19ஆம் நூற்றாண்டில் லண்டன் பணச் சந்தைக்காரர்கள் ‘பணத்தின் ப்ளெதோரா’ என்று எழுதினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் அது சந்தோஷச் செய்தி இல்லை. வங்கிகளில் பணம் குவிந்து கிடக்கிறது, கடன் வாங்க ஆள் இல்லை, வட்டி விழுந்துவிட்டது என்று பொருள். பழைய குடோன் கதைதான், ரத்தத்துக்குப் பதில் பணம்.

நாமும் உடம்பின் மிகுதியை வேறு இடத்துக்கு நகர்த்தியிருக்கிறோம். ‘அவனுக்குக் கொழுப்பு’ என்றால் லிப்பிட் டெஸ்ட் ரிப்போர்ட்டையா சொல்கிறோம்? திமிர் என்ற சொல் முதலில் மரத்துப்போன கை காலுக்கு உரியது. ஆங்கிலம் உடம்பின் மிகுதியைச் சரக்கின் மேல் ஏற்றியது, தமிழ் அதைக் குணத்தின் மேல் ஏற்றியது. நீங்கள் மெயிலில் எழுதியதை ஒரு தமிழன் காதால் கேட்டால், ‘எங்கள் டிசைன்களுக்குக் கொழுப்பு ஏறிவிட்டது’ என்பது மாதிரி இருக்கும்.

இப்போது ஏஜென்டின் குறும்பு புரிந்திருக்கும். நோயின் பெயரைச் சொன்னீர்கள், அவர் குணமாகட்டும் என்றார். திட்டவில்லை, விளையாடியிருக்கிறார். சிரிப்பு முகம் போட்டதே அதற்குத்தான்.

அவர் பக்கம் முழு நியாயமும் இல்லை. இன்று ஆங்கிலம் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தச் சொல்லை ‘ஏராளம்’ என்ற பொருளில்தான் பயன்படுத்துகிறார்கள், அகராதிகளும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆகவே உங்கள் மெயிலில் இலக்கணப் பிழையோ பொருள் பிழையோ இல்லை என்று முதலாளியிடம் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் பழைய ருசி இன்னும் நாக்கில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சொல்லைக் கேட்டதும் ‘தேவைக்கு மேல், சமாளிக்க முடியாத அளவுக்கு’ என்று தோன்றும். ஒரு பையர் இந்த இரண்டு வகையில் எந்த வகை என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் என் ஆலோசனை: விற்கும் பொருளைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

காரணம் கேலன் சொன்னதுதான். உங்களிடம் 300 டிசைன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், உங்களுக்கு அது பெருமை. திங்கட்கிழமை காலையில் அந்த 300ஐயும் திறந்து பார்க்கப்போவது ஏஜென்ட். சுமை அவருடையது. அவர் வலுவுக்கு அது மிகுதியாக இருக்கலாம். ‘ப்ளெதோரா’வை எங்கே போடலாம் என்றால், சுமக்கிறவர் நீங்களாக இருக்கும் இடத்தில். ஒரே ஸ்டைலுக்குப் பையர் 14 முறை திருத்தம் அனுப்பினால், திருத்தங்களின் ப்ளெதோராவால் சாம்பிள் தாமதமாகிறது என்று எழுதுங்கள். அங்கே கச்சிதமாக உட்காரும். கொஞ்சம் குத்தும், முதலாளியிடம் கேட்டுக்கொண்டு அனுப்பவும்.

டிசைன்களுக்கு ‘வைட் ரேஞ்ச்’ போதும். அலுத்துப்போன சொல்தான், யாரையும் உறுத்தாது. அதைவிட நல்லது எண்ணைச் சொல்வது. ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 60, குழந்தைகளுக்கு 25 என்று எழுதினால் வாங்குகிறவர் மனதில் படம் விழும்.

அகராதியில் ‘ப்ளெதோரா’வுக்குப் பக்கத்தில் நிற்கும் வேறு சில சொற்களையும் நீங்கள் தேடி எடுத்து எழுதிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது, அதனால் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ‘சர்ஃபீட்’ என்பதற்குத் தமிழில் அப்படியே சொல் இருக்கிறது: திகட்டல். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றி, மருத்துவர் வேண்டாம் என்று தடுத்தும் லாம்ப்ரே என்ற விலாங்கு போன்ற மீனைத் தின்று 1135இல் செத்தார் என்று அக்கால வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். ஆங்கிலேயப் பிள்ளைகள் இன்றும் அதை ‘லாம்ப்ரேக்களின் சர்ஃபீட்’ என்றே படிக்கிறார்கள். டிசைனுக்கு ஆகாது. ‘க்ளட்’ என்பது விழுங்குவதைக் குறிக்கும் லத்தீன் வினையின் வழி வந்தது. தக்காளி வரத்து கூடி விலை கிலோவுக்கு 5 ரூபாயாகி, விவசாயி ரோட்டில் கொட்டுகிறாரே, அந்த நிலைமை அது. அதுவும் ஆகாது.

‘சர்ப்ளஸ்’ பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று பலகை பார்த்தே வளர்ந்திருப்பீர்கள். ஆர்டருக்கு மேல் தைத்தது, ரிஜெக்ட் ஆனது, கேன்சல் ஆனது எல்லாம் அங்கே குவியும். பிரெஞ்சு வழி வந்த சொல், ‘மேல்’ என்பதோடு ‘அதிகம்’ சேர்ந்தது. அதில் உள்ள ‘ப்ளஸ்’ முன்னே சொன்ன பூரணத்தின் உறவுக்காரன். உங்கள் ஏஜென்டின் காதில் ‘ப்ளெதோரா’ ஏறத்தாழ அந்தப் பலகை மாதிரித்தான் விழுந்திருக்கும்.

‘இஸ்’ஸா ‘ஆர்’ஆ? பின்னால் வரும் பெயர் பன்மையாக இருந்தால் ‘ஆர்’ போடுங்கள். ‘இஸ்’ போட்டவரையும் யாரும் தூக்கில் போட மாட்டார்கள். உச்சரிப்பில் ஒரு திருத்தம்: நாம் எல்லோரும் ‘தோ’வை நீட்டி ‘ப்ளெதோரா’ என்கிறோம். நானும் இந்தப் பதில் முழுக்க வழக்கப்படியே எழுதிவிட்டேன். ஆங்கிலேயர் வாயில் அழுத்தம் முதல் அசையில் விழும், ‘தோ’ குறுகிப்போய் ஏறக்குறைய ‘ப்ளெத்தரா’ என்று கேட்கும்.

ஏஜென்டுக்கு இன்னும் பதில் போடவில்லை என்றால் மன்னிப்பெல்லாம் கேட்காதீர்கள், விளையாட்டுக்கு மன்னிப்புக் கேட்டால் அவர்தான் சங்கடப்படுவார். ‘நன்றி, நோயாளி தேறிவிட்டார். இருந்ததில் நல்ல 20 டிசைனை மட்டும் பிரித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்’ என்று எழுதி, இரவுக்குள் அந்த 20ஐ உண்மையிலேயே பிரித்துவிடுங்கள்.